'ஏலாது' என்று சொல்லப் பழகிய கதை

எங்கள் பக்கத்தில் சம்மதத்தைச் சொல்வதற்கு 'ஓம்' என்ற ஒரு சொல் போதும். வாயைத் திறந்து மூடுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். மறுப்பதற்கான சொல் அப்படியல்ல. 'ஏலாது' என்று சொன்னால், கேட்டவரின் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அதனால்தானோ என்னவோ, முப்பது வயதை நெருங்கும் வரை நான் 'ஓம்' என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டே சீவித்திருக்கிறேன். அதன் விலை என்ன என்பதை 2018ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு கடன் நிறுவனத்தின் கடிதம் எனக்கு அறிவித்தது. 92,400 ரூபா.

நான் ஒரு சமூகப் பணியாளர். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துவிட்டு, கிளிநொச்சி மாவட்டத்தில் பெண் தலைமைக் குடும்பங்களோடு வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில் களப் பணிக்குச் சேர்ந்தேன். நுண்கடன் என்ற சொல் அந்தக் காலத்தில் எங்கள் கிராமங்களில் சோறு, தண்ணீர் போலப் புழங்கியது. ஐந்து பெண்கள் ஒரு குழுவாகச் சேர்வார்கள். ஒருவர் தவணை கட்டாவிட்டால் மற்ற நால்வரும் பொறுப்பு. கிழமைக்கு ஒரு நாள் யாராவது ஒருவர் வீட்டு மாமரத்தின் கீழ் கூட்டம் நடக்கும். மோட்டார் சைக்கிளில் வரும் தம்பி பணத்தை எண்ணி முடிக்கும் வரை ஒருவரும் எழும்ப முடியாது. ஒரு நிறுவனத்தின் தவணையைக் கட்ட இன்னொரு நிறுவனத்தில் கடன் எடுப்பார்கள். இவற்றின் வட்டிக்கு வருடத்துக்கு 35 வீதம் என்று மத்திய வங்கி உச்ச வரம்பு விதித்ததே 2019 தை மாதத்தில்தான். அதற்கு முன்னர் என்ன நடந்திருக்கும் என்பதை வாசிக்கும் சகோதரிகள் ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தக் கடன்களின் ஆபத்தைப் பற்றிக் கிராமம் கிராமமாக விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துவது என் கடமைகளில் ஒன்று. அப்படிப்பட்ட நான்தான் ஒரு கடனுக்குப் பிணை நின்றேன்.

தையல் வேலை செய்யும் ஒரு பெண். என்னைவிட நான்கு வயது இளையவள், கணவன் இல்லை. குழுக் கடன் போதாது, கடை போட வேண்டும் என்று 1,50,000 ரூபாவுக்குத் தனிக் கடன் கேட்டிருந்தாள். மாதச் சம்பளக்காரர் ஒருவரின் பிணை தேவைப்பட்டது. ஒரு பின்னேரம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "மிஸ், உங்கட கையெழுத்து மட்டுந்தான். மாசாமாசம் நான் கட்டிப்போடுவன். எனக்கு உங்களை விட்டா ஆர் இருக்கினம்?"

அந்தக் கடைசி வசனத்தை என்னால் ஒருபோதும் தாண்ட முடிந்ததில்லை. களப் பணியாளர் ஒருவர் தான் உதவும் குடும்பத்துக்குப் பிணை நிற்கக் கூடாது என்பது எங்கள் நிறுவனத்தின் விதி. அதுவும் எனக்குத் தெரியும். படிவத்தில் இருந்த சிறிய எழுத்துகளை நான் வாசிக்கவில்லை. வாசித்தால் அவளை நம்பவில்லை என்று நினைத்துவிடுவாளோ என்று கூச்சமாக இருந்தது. யோசித்துப் பாருங்கள்: என் சம்பளத்தை அடகு வைக்கும் தாளை வாசிக்க எனக்கே கூச்சம்!

கடை ஒரு வருடம்கூட ஓடவில்லை. அதே 2018இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஒரு லட்சம் ரூபா வரையான நுண்கடன்களில் தவணை தவறியவர்களுக்கு அரசாங்கம் சலுகை அறிவித்தது. எங்கள் மாவட்டமும் அதில் இருந்தது. ஆனால் அவளுடைய கடன் ஒன்றரை லட்சம். ஒவ்வொரு மாதமும் 7,700 ரூபா வீதம் பன்னிரண்டு மாதங்கள் நான் கட்டினேன். என் மகனுக்கென்று தொடங்கிய சேமிப்புப் புத்தகம் அந்த வருடம் வெறுமையாகியது. கணவர் சத்தம் போடவில்லை. "ஒரு சொல் என்னட்டைக் கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இவ்வளவு பட்டும் நான் திருந்தவில்லை என்பதுதான் ஆச்சரியம். பணம் போனால் போகட்டும், மனிதர் முக்கியம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நல்லவளாக இருப்பதற்கு இது அபராதம் என்றுகூட ஒருவிதப் பெருமை உள்ளுக்குள் இருந்தது.

என்னை உலுப்பியது வேறொன்று. அதைச் சொல்ல இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எல்லோருக்கும் ஓம் சொல்பவருக்கு ஒரு கட்டத்தில் தொலைபேசி என்றாலே பயம் வந்துவிடும். எனக்கு வந்தது. மணி அடித்தாலே வயிற்றுக்குள் எதுவோ உருளும். ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தரச் சொல்லி ஒருவர், வீட்டுத்திட்டப் படிவம் என்னவாயிற்று என்று ஒருவர், கோயில் திருவிழாவுக்கு இருநூறு வடை சுட்டுத் தர முடியுமா என்று ஒருவர். எடுத்தால் ஓம் சொல்லிவிடுவேன் என்று தெரியும். ஆகவே எடுக்காமல் விடத் தொடங்கினேன். மாலையானால் கைத்தொலைபேசியின் சத்தத்தை நிறுத்தி அரிசி வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். மறுநாள், "சார்ஜ் இல்லாமல் போச்சு" என்று பொய் சொல்வேன். முகத்துக்கு நேரே மறுக்கத் தெரியாதவள் முதுகுக்குப் பின்னால் மறுக்கப் பழகிக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

அந்த வருடம் ஆவணி மாதத்தில் ஓர் இரவு, ஒன்பது மணிக்கு முன்பின்னாக, ஒரே இலக்கத்திலிருந்து நான்கு அழைப்புகள் வந்தன. இரண்டு பிள்ளைகளின் தாய் அவர். பெயரைத் திரையில் பார்த்தேன். பார்க்கவில்லை என்று எழுதிவிடலாம், அது பொய். மறுபடி அந்தப் படிவத்தைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்து, தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் புட்டுக்கு மா குழைத்தேன்.

விடிய ஏழு மணிக்கு அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் அவர் இருந்தார். பிள்ளைகள் இருவரும் அவருடைய மடியில் சாய்ந்து நித்திரை. இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. கணவன் குடித்துவிட்டு வந்து அடித்து வெளியே தள்ளியிருக்கிறான். இரவு முழுவதும் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளோடு இருந்திருக்கிறார். என்னைக் கண்டதும் எழும்பி நின்று, "மிஸ் நித்திரையாக்கும் எண்டு நினைச்சன்" என்றார்.

வேறு ஒன்றும் சொல்லவில்லை. என்மேல் குற்றம் சொல்லவுமில்லை. எனக்காக ஒரு சாட்டையும் அவரே தேடி வைத்திருந்தார்.

அவரை வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனேன். பொலிஸில் முறைப்பாடு பதிந்தோம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம், முதலில் இடைக்காலக் கட்டளை, பின்னர் ஒரு வருடம் வரை செல்லுபடியாகும் கட்டளை என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அன்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். ஆனால் நான்கு அழைப்புகள் என் தொலைபேசியில் சிவப்பாக நின்றன. பல மாதங்கள் நான் அவற்றை அழிக்கவில்லை.

எங்கள் அலுவலகத்தில் மேற்பார்வைக்கு இருந்த அக்காவிடம் அன்று பின்னேரம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன், பிணை நின்ற கதை உட்பட. வேலை போகும் என்றுதான் நினைத்தேன். எச்சரிக்கைக் கடிதம் தந்தார், அது நியாயம். பிறகு கதவைச் சாத்திவிட்டு, "நீர் எல்லாருக்கும் ஓம் சொல்லுறீர். அதாலைதான் உண்மையா ஓம் சொல்ல வேண்டிய ஆளுக்குச் சொல்ல உம்மட்டை ஒண்டும் மிஞ்சேல்லை" என்றார். ஒரு வேலையும் தந்தார். ஒரு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுத வேண்டும்: யார் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன், என்ன சொல்ல விரும்பினேன்.

ஏழு நாட்களில் 31 கோரிக்கைகள். 29க்கு ஓம். மிச்சம் இரண்டுக்கு, "பார்ப்பம்". இந்தப் 'பார்ப்பம்' இருக்கிறதே, இது எங்கள் சமூகத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு! சொன்னவருக்கு அது மறுப்பு, கேட்டவருக்கு அது வாக்குறுதி. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பிரிவார்கள், பிறகு இரண்டு பேரும் கோபிப்பார்கள்.

மூன்றாவது நிரலைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. என்ன சொல்ல விரும்பினேன் என்ற இடத்தில் பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது. எனக்கு என்ன விருப்பம் என்பதே எனக்குத் தெரியவில்லை.

பல்கலைக்கழகத்தில் ஆர்லி ஹொக்‌ஷில்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளரைப் பற்றிப் படித்திருந்தேன். 1983இல் வந்த அவருடைய நூல், உணர்ச்சியையே உழைப்பாக விற்க வேண்டியிருக்கும் தொழில்களைப் பற்றியது. பயணிகளைப் பார்த்து எப்போதும் சிரிக்க வேண்டிய விமானப் பணிப்பெண்களையும், முகத்தைக் கடுமையாக வைத்திருக்க வேண்டிய கடன் அறவிடுபவர்களையும் அவர் ஆராய்ந்திருந்தார். பரீட்சையில் அதை எழுதி நல்ல புள்ளி எடுத்தேன். மாமரத்தின் கீழ் முகத்தை இறுக்கிக்கொண்டு பணம் எண்ணும் தம்பியும், வீட்டிலும் வெளியிலும் சிரித்தபடியே திரியும் நானும் அந்த ஒரே நூலின் இரண்டு அத்தியாயங்கள் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. ஆனால் எனக்கு ஒருவரும் சிரிப்பதற்குச் சம்பளம் தரவில்லையே. நான் எங்கே இதைப் பழகினேன்?

கொப்பியை வைத்துக்கொண்டு யோசித்தபோது, ஆறு வயதில் சாப்பிட்ட ஒரு கோப்பை நினைவுக்கு வந்தது. 1995 ஐப்பசி கடைசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது நாங்களும் நடந்தோம். தென்மராட்சியில் தூரத்து உறவினர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் ஆறு மாதங்கள் இருந்தோம். நல்ல மனிதர்கள், ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் பிறத்தியார் வீட்டில் இருக்கும் பிள்ளைக்குச் சில விஷயங்கள் சொல்லித் தராமலே தெரிந்துவிடும். இரண்டாம் தரம் சோறு கேட்கக் கூடாது. கேட்பதற்கு முன்னரே கோப்பைகளைக் கழுவி வைக்க வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளை விளையாட்டுச் சாமானைப் பறித்தால் சிரிக்க வேண்டும். "உங்கட மூத்தது எவ்வளவு நல்ல பிள்ளை" என்று அவர்கள் சொல்லும்போது அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிக்காக நான் எதையும் செய்திருப்பேன்.

அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அந்த விறாந்தையில் அது எங்களைக் காப்பாற்றிய பழக்கம். அடுத்த வருடம் நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம். பழக்கம் மட்டும் திரும்பவில்லை, இன்னும் அந்த விறாந்தையிலேயே இருந்துகொண்டிருந்தது.

மேற்பார்வை அக்கா சொன்னபடி சின்ன விஷயங்களில் தொடங்கினேன். முதன்முதலாக 'ஏலாது' சொன்னது பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு. படப்பிடிப்புக்கு என் கூறைச் சேலையைக் கேட்டாள். சொல்லிவிட்டு, ஏன் ஏலாது என்பதற்கு நான்கு காரணங்கள் அடுக்கினேன். அவள் நான்குக்கும் பதில் வைத்திருந்தாள். கடைசியில் சேலை போய்விட்டது. காரணம் சொன்னால் அது பேரம் பேச விரித்த பாய் என்பதை அன்று கற்றேன். அடுத்த தடவை, "இல்லை, அதை நான் ஒருத்தருக்கும் குடுக்கிறதில்லை" என்பதோடு நிறுத்தினேன். நெஞ்சு படபடத்தது. அவள் "சரி அக்கா" என்று சொல்லிவிட்டு வேறு கதை கதைத்தாள். அவ்வளவுதான்! எனக்குத்தான் அன்றிரவு நித்திரை வரவில்லை.

மச்சாளிடம் அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை. ஒவ்வொரு ஆவணி விடுமுறைக்கும் தன் மூன்று பிள்ளைகளையும் எங்கள் வீட்டில் விட்டுவிடுவார். நானும் வேலைக்குப் போகிறவள் என்பது கணக்கில் வராது. 2019இல், "ஒரு கிழமை சந்தோசமா வச்சிருக்கிறன் மச்சாள். அதுக்கு மேலை ஏலாது" என்றேன். ஐந்து மாதங்கள் அவர் என்னோடு கதைக்கவில்லை. மாமி இடையில் அகப்பட்டுத் தவித்தார். கணவர் என் பக்கம் நின்றாலும் முகம் வாடித்தான் திரிந்தார். எல்லையைச் சொன்னால் உறவு உடனே பலப்படும் என்று சில புத்தகங்களில் எழுதுகிறார்கள். அந்த ஐந்து மாதங்களில் அவர்களை எங்கள் வீட்டில் வந்து இருக்கச் சொல்லியிருக்க வேண்டும். தைப்பொங்கலன்று மச்சாள் பொங்கலோடு வந்தார், பழைய கதை எதையும் எடுக்கவில்லை. ஆனால் முன்பு போல இப்போதும் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

'ஏலாது' என்ற சொல்லிலும் ஒரு ஒளிப்பு இருப்பதைப் பிறகு கண்டுபிடித்தேன். ஏலாது என்றால் எனக்குச் சக்தி இல்லை, நேரம் இல்லை, வசதி இல்லை என்று அர்த்தம். விருப்பம் இருக்கிறது, முடியவில்லை என்ற பாவனை. 'மாட்டன்' என்பது வேறு. அதில் நான் இருக்கிறேன். ஏறத்தாழ ஒன்றரை வருடம் ஏலாது என்பதன் பின்னால் நின்றுதான் என் மறுப்புகளைச் சொன்னேன். மாட்டன் என்று வாயால் வர இன்னும் காலம் எடுத்தது.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். இந்தக் கதையைக் கேட்ட ஓர் இளம் பணியாளர், தான் சந்திக்கும் பெண்களுக்கெல்லாம் "புருஷனுக்கு மறுத்துச் சொல்லப் பழகுங்கோ" என்று புத்தி சொல்லத் தொடங்கினார். நான் தடுத்தேன். கோயில் மண்டபத்தில் இரவைக் கழித்த அந்தத் தாய் மறுக்கத் தெரியாமல் அடிவாங்கவில்லை, மறுத்ததனால்தான் அடிவாங்கினார். குடிக்கப் பணம் கேட்டான், இல்லை என்றார். என் மறுப்புக்கு ஐந்து மாத மௌனம்தான் தண்டனை. அவருடைய மறுப்புக்கு மணிக்கட்டு. அவருக்குத் தேவைப்பட்டது நீதிமன்றக் கட்டளையும், போய் இருக்க ஒரு பாதுகாப்பான இடமும், அழைத்தால் எடுக்கும் ஒரு தொலைபேசியும்.

அந்தத் தொலைபேசி விஷயத்தைத்தான் முதலில் ஒழுங்குபடுத்தினேன். படிவம், கடிதம், கூட்டம் பற்றியெல்லாம் மாலை ஆறு மணிக்குப் பின்னர் கதைப்பதில்லை என்று எல்லாக் குழுக்களிலும் சொன்னேன். அடிதடி, உயிராபத்து, பிள்ளைகளுக்கு ஏதும் என்றால் எந்த நேரமும் எடுக்கலாம். இரவுக் கடமையை எங்கள் அலுவலகத்தில் மூவர் மாறிமாறிப் பகிர்ந்துகொண்டோம். அமைச்சின் பெண்கள் உதவி இலக்கமான 1938ஐயும், சிறுவருக்கான 1929ஐயும் சின்ன அட்டைகளில் எழுதிக் கொடுத்தோம். சிலர் முணுமுணுத்தார்கள். "மிஸ் இப்ப பெரிய ஆளாகிட்டா" என்று என் காதுபடவே ஒருவர் சொன்னார். அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். ஆனால் அதற்குப் பிறகு மணி அடித்தால் வயிறு உருளவில்லை. எடுக்கிறேன்.

உதவியைக் குறைத்துக்கொண்டேன் என்றும் சொல்ல மாட்டேன். 2022இல் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் இல்லாமல் எல்லோரும் திண்டாடியபோது எங்கள் முற்றத்து விறகடுப்பில் மூன்று வீட்டுக்குச் சேர்த்துச் சோறு வெந்தது. மனம் நிறைந்து செய்தேன். மனதுக்குள் கணக்கு எழுதாமல் செய்தேன். முன்பெல்லாம் ஒவ்வொரு ஓமுக்கும் உள்ளே ஒரு கணக்குப் புத்தகம் ஓடிக்கொண்டிருந்ததை அப்போதுதான் அறிந்தேன்.

அந்தத் தையல்காரப் பெண் என்னைக் கண்டால் வேறு ஒழுங்கைக்குள் திரும்பிப் போய்விடுவாள். ஆறு வருடங்கள் அப்படியே போயின. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கட்டு முருங்கைக்காயோடு படலையில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டேன். சட்டைப் பைக்குள்ளிருந்து ஐயாயிரம் ரூபாவை எடுத்து மேசையில் வைத்தாள். மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருவாளாம். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய நான் என்றால் கட்டாயம் அந்தப் பணத்தைத் திருப்பி அவள் கையில் திணித்திருப்பேன்.

சிறிது நேரம் பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தோம். பிறகு தயங்கித் தயங்கி, மூத்தவனுக்குத் தவணைக் கட்டணத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் எடுக்கப்போவதாகவும், பிணைக்கு ஓராள் தேவைப்படுவதாகவும் சொன்னாள்.

"மாட்டன் தங்கச்சி" என்றேன்.

காரணம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் முகம் மாறியது. அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வெளியே கோழி ஒன்று கொக்கரித்துக்கொண்டிருந்தது. அவள் நிலத்தைப் பார்த்தாள், முருங்கைக்காய்க் கட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப தேத்தண்ணியாவது தருவியளோ மிஸ்?" என்றாள்.

ஓம் என்று சொல்லிவிட்டு எழும்பிப்போய் அடுப்பில் கேத்திலை வைத்தேன்.